திரைப்படங்களின் வேகம் எப்படி மாறியது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரிலும் கோத்தகிரியிலும் நாங்கள் பழைய படங்களைத் திரையிடும்போது, படம் முடிந்த பிறகு எழும் கேள்விகளில் பெரும்பாலானவை வேகத்தைப் பற்றியவையாகவே இருக்கின்றன. இளையவர்கள் ‘ஏன் இப்படி இழுக்கிறது?’ என்கிறார்கள், மூத்தவர்கள் ‘இப்போதைய படத்தில் எதுவும் கண்ணில் நிற்பதில்லையே, ஏன்?’ என்கிறார்கள். இரு தரப்பினரும் மீண்டும் மீண்டும் கேட்டவற்றுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. தமிழ்ப் படங்களே முதன்மையாகப் பேசப்படுகின்றன. பிறமொழிப் படங்கள் தேவைப்படும் இடத்தில் மட்டும் வருகின்றன.

பழைய படங்கள் மெதுவானவை, புதிய படங்கள் வேகமானவை என்று பொதுவாகச் சொல்வது சரிதானா?

பாதி சரி. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே ஒரு ஷாட் திரையில் நிற்கும் நேரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் கதை எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பார்த்தால் கணக்குத் தலைகீழாகிவிடும். 1950-களின் குடும்பப் படங்களில் இடைவேளைக்குள் அண்ணன் தம்பிகள் பிறந்து, வளர்ந்து, மணமுடித்து, பாகம் பிரிந்து, சொத்தையும் இழந்திருப்பார்கள். 2019-இல் வெளிவந்த ‘கைதி’ ஓர் இரவில் நடப்பதை மட்டும் ஏறத்தாழ 145 நிமிடங்களுக்குச் சொல்கிறது. ஆனாலும் விறுவிறுப்பான படம் என்றே அது பெயரெடுத்தது. ஆகவே வேகம் கூடிற்று என்பதைவிட, படம் தன் நேரத்தை எதற்குச் செலவிடுகிறது என்பது மாறிற்று என்று சொல்வதே பொருத்தம். தொடக்கத்தில் அந்த நேரம் பாட்டுக்குப் போயிற்று. பிறகு வசனத்துக்குப் போயிற்று. நடுவில் சில ஆண்டுகள் இடத்துக்கும் மௌனத்துக்கும் கிடைத்தது. இன்று எதிர்பார்ப்பை ஏற்றுவதற்கும் நாயகனின் தோரணைக்கும் செலவாகிறது. இனி வரும் விடைகளில் பல, இந்த ஒரு கருத்தின் விளக்கங்களே.

ஷாட்டின் நீளம் குறைந்ததை யாரேனும் அளந்திருக்கிறார்களா?

ஹாலிவுட் படங்களுக்கு அளந்திருக்கிறார்கள். 1930 முதல் 1960 வரை வெளியான பெரும்பாலான ஹாலிவுட் படங்களில் 300 முதல் 700 ஷாட்டுகள் வரையே இருந்தன என்றும், ஒரு ஷாட்டின் சராசரி நீளம் 8 முதல் 11 வினாடி என்றும் திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் கணக்கிட்டார். அந்தச் சராசரி 1970-களில் 5 முதல் 8 வினாடியாகவும், நூற்றாண்டின் முடிவில் 3 முதல் 6 வினாடியாகவும் இறங்கியது. கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் கட்டிங்கும் அவருடைய குழுவினரும் 1935 முதல் 2010 வரையிலான 160 படங்களை ஆராய்ந்து, ஷாட்டுகள் குறுகின, திரைக்குள் அசைவு கூடிற்று, படம் மொத்தத்தில் இருண்டது என்று 2011-இல் வெளியிட்டார்கள்.

இந்த எண்களைத் தமிழ்ப் படங்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. நம் படங்களில் பாடல்களும் சண்டைகளும் ஒரு கணக்கிலும், வசனக் காட்சிகள் வேறொரு கணக்கிலும் வெட்டப்படுகின்றன. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இரண்டுக்கும் பொருந்தாத ஓர் எண்தான் மிஞ்சும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1925-இல் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் எடுத்த ‘போர்க்கப்பல் பொட்டம்கின்’ படத்தின் ஷாட்டுகள் சராசரியாக மூன்று வினாடி அளவே நிற்கின்றன. வேகமான வெட்டு இணையத் தலைமுறையின் கண்டுபிடிப்பு அன்று.

மௌனப் படங்களில் மனிதர்கள் ஏன் ஓட்டமும் நடையுமாக இருக்கிறார்கள்?

கேமராவைக் கையால் சுற்றிய காலத்தில் வினாடிக்கு 16 முதல் 20 சட்டகங்கள், அதாவது தனித்தனிப் படங்கள், பதிவாகும். பேசும்படம் வந்த பிறகு வினாடிக்கு 24 என்று நிலைப்பட்டது. பழைய படச்சுருளைப் புதிய வேகத்தில் ஓட்டினால் எல்லோரும் விரைவாக நடப்பார்கள். அதற்கும் இயக்குநரின் விருப்பத்துக்கும் தொடர்பில்லை.

தமிழின் முதல் பேசும்படங்கள் ஏன் அவ்வளவு நிதானமாக இருந்தன?

ஒலிப்பதிவுக் கருவிதான் முதல் காரணம். 1931-இல் ‘காளிதாஸ்’ வெளிவந்த காலத்தில் நடிகர்கள் கேமராவுக்கு முன்னால் நின்று உண்மையிலேயே பாடினார்கள். பக்கவாத்தியக்காரர்கள் சட்டகத்துக்கு வெளியே மறைவாக உட்கார்ந்து வாசித்தார்கள். பாட்டு நடுவில் கேமராவை நகர்த்தினால் மைக் பிடிபடும், வெட்டினால் தாளம் அறுபடும். 1930-களின் இறுதியில் பின்னணி பாடும் முறை வந்த பிறகே பாட்டைத் துண்டு துண்டாகப் படமெடுத்து ஒட்டும் வசதி கிடைத்தது.

இரண்டாவது காரணம், நடிகர்களும் கதைகளும் நாடக மேடையிலிருந்து வந்தவை என்பது. ஒரு படத்தில் நாற்பது, ஐம்பது பாடல்கள் இருப்பது அன்று இயல்பு. அன்றைய ரசிகர் பார்க்க வந்ததைவிடக் கேட்க வந்தார் என்றே சொல்லலாம். கச்சேரியில் ஆலாபனையை யாரும் இழுவை என்று சொல்வதில்லை. அதே மனநிலையில்தான் அவர் எம். கே. தியாகராஜ பாகவதரின் படத்துக்கும் போய் உட்கார்ந்தார்.

பாடல்களின் எண்ணிக்கை எப்போது குறைந்தது?

இரண்டாம் உலகப் போரின்போது கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு வந்ததால், ஒரு படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு வரம்பு விதித்தது. 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆக 11,000 அடி என்பது இரண்டு மணி நேரமும் இரண்டு நிமிடங்களும். மூன்று மணி நேரம் பாடிக்கொண்டிருந்த படங்கள் இதற்குள் அடங்கியாக வேண்டியிருந்தது. மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ (1944) அந்தக் கட்டுப்பாட்டுக் காலத்துப் படம். சென்னை பிராட்வே திரையரங்கில் அது ஓடிய ஓட்டம் இன்றும் பேசப்படுகிறது. கத்திரிக்கோலுக்கு அஞ்சி ஒடுங்கிய காலத்தில்தான் அந்த ஓட்டம் நடந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. போர் முடிந்து வரம்பு நீங்கியதும் படங்கள் மீண்டும் நீண்டன, ஆனால் நாற்பது பாடல்கள் திரும்பி வரவில்லை. 1950-களில் எட்டு, பத்து என்ற அளவில் நின்றன.

காலியான அந்த இடத்தை எது நிரப்பியது?

வசனம். அண்ணாவின் ‘வேலைக்காரி’ (1949), கலைஞர் எழுதிய ‘பராசக்தி’ (1952) ஆகியவற்றில் சொல்லே நிகழ்ச்சி. நீதிமன்றக் காட்சியில் கேமரா பெரும்பாலும் பேசுபவரின் முகத்தையும் கேட்பவர்களின் முகங்களையும் விட்டு வெளியே போகாது. கைதட்டலுக்காக நடிகர் மூச்சு வாங்கும் இடங்கள்கூட வசனத்திலேயே அமைந்திருக்கும். அந்த இடைவெளிகளை இன்று வெறும் அறையில் தனியாகப் பார்ப்பவருக்குப் படம் நின்று நின்று போவதாகத் தோன்றுகிறது.

அதே ஆண்டுகளில் வேறு வேகங்களும் இருந்தன. நம் மலையடிவாரத்துக் கோவையில் பட்சிராஜா ஸ்டுடியோ தயாரித்த ‘மலைக்கள்ளன்’ (1954) குதிரையும் குகையுமாக ஓடியது. அதே ஆண்டில் எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ ஒரு பாடல்கூட இல்லாமல், ஒரு கொலையைச் சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரின் பார்வையிலும் மாற்றி மாற்றிச் சொன்னது. வெளியானபோது அது வணிக வெற்றி பெறவில்லை. இன்றைய மாணவர்களுக்குத் திரையிட்டால், 1950-களின் படங்களில் அவர்கள் அசையாமல் உட்கார்ந்து பார்ப்பது அதுவாகத்தான் இருக்கிறது.

நீலகிரியில் எடுத்த படங்களில் இந்த மாற்றத்தைக் காண முடியுமா?

மிகத் தெளிவாகக் காணலாம். அதற்கு நம் மலை ரயில் ஒன்றே போதும்.

1970-களின் பிற்பகுதியில் படங்கள் ஸ்டுடியோவை விட்டு வெளியேறின. ‘16 வயதினிலே’ (1977) கிராமத்துக்கும், ‘உதிரிப்பூக்கள்’ (1979) ஆற்றங்கரைக்கும் போயின. ஆரிஃபிளெக்ஸ் போன்ற எடைகுறைந்த கேமராக்கள் அதற்கு உதவின. அவை இரைச்சல் மிக்கவை என்பதால் வசனம் முழுவதும் பிறகு டப்பிங் அறையில் சேர்க்கப்பட்டது. படப்பிடிப்பில் ஒலிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் கேமரா மூடுபனியையும் மழையையும் தேடிப் போக முடிந்தது. பாலு மகேந்திரா ‘மூடுபனி’க்கு (1980) உதகைக்கு வந்தார், ‘மூன்றாம் பிறை’க்கு (1982) மீண்டும் வந்தார்.

‘மூன்றாம் பிறை’யின் இறுதிக் காட்சி மலை ரயில் பாதையிலுள்ள கேத்தி நிலையத்தில் எடுக்கப்பட்டது. நினைவு திரும்பிய பெண் வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் காத்தவன் நடைமேடையில் மழையில் நனைந்தபடி, அவள் தன்னை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காகக் குரங்குபோல் ஆடிக் காட்டுகிறான். அவளுக்கு அவன் யாரோ ஒரு பித்தன். நிமிடக்கணக்கில் நீளும் இந்தக் காட்சியில் செய்தி என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: அவளுக்கு நினைவில்லை. அதை ஒரே வசனத்தில் சொல்லி முடித்துவிட்டிருக்கலாம். ஆனால் காட்சி முடிந்துவிடும் என்று நாம் நினைக்கும் ஒவ்வோர் இடத்திலும் முடியாமல் தொடர்வதுதான் அதன் வலி. வண்டியின் வேகமும் இதற்குத் துணை நிற்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர் ஏற நான்கரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் வண்டி, நிலையத்தை விட்டு மெல்லத்தான் கிளம்பும்; ஒருவன் நொண்டிக்கொண்டே உடன் வர முடியும்.

பதினாறு ஆண்டுகள் கழித்து அதே மலை ரயிலின் கூரைமேல் மணிரத்னம் ஒரு பாடலை எடுத்தார். 1998-இல் வந்த ‘தில் சே’ படத்தின், தமிழில் ‘உயிரே’ என்று வெளியானதன், ‘தைய தையா’ பாடல் அது. வண்டி அதே நிதானத்தில்தான் போகிறது. ஆனால் நகரும் கேமரா, கூரையில் ஆடும் கூட்டம், பின்னால் ஓடும் தேயிலைச் சரிவுகள், தாளத்தோடு இசையும் வெட்டுகள் ஆகியவை சேர்ந்து அதை விரைவு வண்டியாக்கிவிடுகின்றன. இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், திரையின் வேகம் படமெடுக்கப்படும் பொருளில் இல்லை, படம்பிடிப்பவரின் தேர்விலும் படத்தொகுப்பாளரின் மேசையிலும் இருக்கிறது என்பது விளங்கும். இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்பவர்களும் உண்டு. என் வாக்கு கேத்திக்கே. ஆனால் பாடலைத் தொகுத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உதகை பிலிம் தொழிற்சாலைக்கும் படங்களின் வேகத்துக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை, ஆனால் அதன் வரலாறு இந்த வரலாற்றின் நிழலாகவே ஓடியிருக்கிறது. இந்துநகரிலிருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனம். 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் இன்றும் உதகையில் இருப்பதால் இந்தக் கேள்வி வராத திரையிடல் அரிது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சினிமா பிலிமும், எக்ஸ்ரே பிலிமும், புகைப்படத் தாளும் அங்கிருந்து போயின. வண்ணப் படங்கள் பெருகியபோது வண்ண நெகட்டிவ் வெளிநாட்டிலிருந்தே வர வேண்டியிருந்தது. அதனால் ஒவ்வோர் அடிக்கும் விலை இருந்தது. ஆயிரம் அடிச் சுருள் பதினொரு நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஆகவே ஒத்திகை பார்த்து, அளந்து, ஒன்றிரண்டு டேக்கில் முடிப்பதே பழக்கம். ஒரே காட்சியைப் பல கோணங்களில் திரும்பத் திரும்ப எடுத்து வைத்துக்கொள்ள யாரும் துணியவில்லை. வெட்டுவதற்கு வேறு கோணம் கையில் இல்லாதபோது ஷாட் தானாகவே நீண்டு நிற்கும்.

டிஜிட்டல் கேமரா அந்தச் சிக்கனத்தைத் தேவையற்றதாக்கியது. உதகைத் தொழிற்சாலையும் பல ஆண்டுகள் நலிந்து கிடந்து பின்னர் மூடப்பட்டது.

கணினித் தொகுப்பு வந்ததால்தான் வெட்டுகள் கூடினவா?

அது பெரிய காரணம். மூவியோலா என்ற பிலிம் தொகுப்புக் கருவியில் வேலை செய்த காலத்தில் ஒரு வெட்டை முயன்று பார்க்க வேண்டுமானால் பிலிமை உண்மையிலேயே அறுத்து நாடாவால் ஒட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் பிரித்து, தொங்கவிட்ட துண்டுகளுக்குள் விடுபட்டதைத் தேடி எடுத்து மீண்டும் ஒட்ட வேண்டும். இந்தியாவில் அவிட் கணினித் தொகுப்பைப் பயன்படுத்திய முதல் படம் கமல்ஹாசனின் ‘மகாநதி’ (1994). அதன்பின் ஒரு வெட்டை நூறு விதமாக முயல்வது விரலசைவாகிவிட்டது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், ‘மகாநதி’ பரபரப்பான படம் அன்று. நிறுத்தி நிதானமாகச் சொல்லப்பட்ட துயரக்கதை. கருவி வந்த உடனே வேகம் வந்துவிடவில்லை. தொலைக்காட்சியில் பாடல்களும் விளம்பரங்களும் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தக் கருவியின் முன் உட்கார்ந்தபோதுதான் வந்தது.

வெட்டுகள் இவ்வளவு வேகமானால், இன்றைய படங்களில் ஏன் இத்தனை ஸ்லோமோஷன்?

நல்ல கேள்வி. திரையில் ஐந்து மடங்கு மெதுவாகத் தெரிய வேண்டுமானால் வினாடிக்கு 120 சட்டகங்கள் எடுக்க வேண்டும். பிலிமில் அப்படி எடுத்தால் பதினொரு நிமிடச் சுருள் இரண்டே கால் நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். தயாரிப்பாளர் முகம் சுளிப்பார். டிஜிட்டலில் அந்தச் செலவு இல்லை. அதனால் நாயகன் காரிலிருந்து இறங்குவதும், கண்ணாடி அணிவதும், திரும்பிப் பார்ப்பதும் மெதுவாக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் நான்கைந்து ஷாட்டுகளாக உடைக்கப்படுவதால் வெட்டு எண்ணிக்கை கூடுகிறது. ஆனால் நடந்தது ஒருவர் காரிலிருந்து இறங்கியது மட்டும்தான். 1950-களின் நாயகன் இந்நேரத்துக்குள் வீட்டுக்குள் வந்து, தாயிடம் பேசி, பாதிப் பாட்டையும் பாடியிருப்பான். முதல் கேள்விக்கான விடையில் ‘பாதி சரி’ என்றது இதனால்தான்.

இடைவேளை வேகத்தை மாற்றுகிறதா?

ஆம். நம் படங்கள் இரண்டு உச்சங்களைக் கொண்டவை. இடைவேளைக்கு முன் ஒரு முடிச்சு விழ வேண்டும் என்பதற்காக முதல் பாதியில் கதை அதை நோக்கித் தள்ளப்படுகிறது. இரண்டாம் பாதியின் தொடக்கம் எப்போதும் சற்றுத் தளர்ந்தே இருக்கும். ‘செகண்ட் ஹாஃப் லேக்’ என்ற தீராத புகாரின் வேர் பல நேரங்களில் இந்த அமைப்பில் இருக்கிறது.

ரசிகர்களின் பொறுமை குறைந்துவிட்டதா?

கைப்பேசியைக் குற்றம் சொல்வது எளிது. நான் அதை முழுவதும் ஏற்கவில்லை. கொடைக்கானலை வைத்தே பார்ப்போம். 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யோடு வெளிவந்த, அங்குள்ள குகையில் எடுக்கப்பட்ட ‘குணா’வை அன்றைய கூட்டம் பொறுமையோடு ஏற்கவில்லை. கைப்பேசி இல்லாத காலம் அது. 2024-இல் வந்த மலையாளப் படமான ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’, அதே குணா குகையில் 2006-இல் நடந்த விபத்தைச் சொல்கிறது. நண்பர்கள் கூடிக் கிளம்பி, ஊர் சுற்றி, கேலி பேசிக்கொண்டு குகையை அடையும் வரை அந்தப் படம் அவசரப்படுவதே இல்லை. தமிழ்நாட்டில் அதற்குத் திரண்ட கூட்டம், வேற்றுமொழிப் படமொன்றுக்கு அரிதாகத் திரளும் கூட்டம். எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது தெரிந்தால் மக்கள் காத்திருக்கத்தான் செய்கிறார்கள்.

தேனி மாவட்டத்து மலைப்பாதையில் ஏலக்காய் மூட்டை சுமப்பவனின் கதையான ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) ஏற்றத்தின் களைப்பை நடையின் வேகத்திலேயே காட்டியது. 2022-இன் ‘இரவின் நிழல்’ ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டது; டிஜிட்டல் கேமரா வெட்டுவதற்கு மட்டுமன்றி வெட்டாமல் இருப்பதற்கும் வழிசெய்தது என்பதற்கு அது சான்று.

ஓடிடி தளங்கள் என்ன மாற்றின?

திரையரங்கைத் தவிர்த்து நேரடியாக ஓடிடியில் வெளியான முதல் பெரிய தமிழ்ப் படம், உதகையைக் களமாகக் கொண்ட ‘பொன்மகள் வந்தாள்’ (மே 2020). அங்கே இடைவேளை இல்லை. பாதியில் எழுந்து போவதற்குக் கூச்சமும் இல்லை. எனவே முதல் சில நிமிடங்களிலேயே குற்றமோ புதிரோ நிகழ்ந்துவிட வேண்டும் என்ற கட்டாயம் எழுத்தில் புகுந்துவிட்டது. அதே தளங்களில் வரும் தொடர்களோ எட்டு மணி நேரம் ஓடுகின்றன. தொடக்கம் அவசரம், நடுப்பகுதி தாராளம் என்பதே இப்போதைய நிலை.

படங்களின் மொத்த நீளம் குறைந்திருக்கிறதா?

சிறிய படங்கள் இரண்டு மணி நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. பெரிய நாயகர்களின் படங்கள் மீண்டும் மூன்று மணி நேரத்தைத் தொடுகின்றன. முன்பு வெளியான படத்தைக் குறைக்க வேண்டுமானால் ஒவ்வொரு படப்பெட்டியிலும் ஆபரேட்டர் கை வைக்க வேண்டும். இப்போது ஒரு கோப்பை மாற்றினால் போதும். 2024-இல் ‘இந்தியன் 2’ வெளியான சில நாட்களில் 12 நிமிடங்கள் குறைக்கப்பட்டது அப்படித்தான். எங்கள் பக்கத்தில் நீளத்துக்கு வேறோர் அளவுகோலும் உண்டு: எஸ்டேட் லயன்களுக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்புகளுக்கு, போகும் கடைசிப் பேருந்து. மூன்று மணி நேரப் படத்தின் முடிவைப் பார்க்காமலே எழுந்து போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

பழைய படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கலாமா?

கதை தெரிந்தால் போதும் என்றால் பார்க்கலாம். கேத்திக் காட்சியை அப்படிப் பார்ப்பதைவிடக் கதைச்சுருக்கம் படிப்பது மேல்.

ஒரு படத்தின் வேகத்தை நாமே அளப்பது எப்படி?

படத்தின் நடுவிலிருந்து, பாடலும் சண்டையும் இல்லாத பத்து நிமிடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் தாளில் ஒரு கோடு போடுங்கள். அசட்டையாக இருந்தால் எதிரெதிர் முகங்களைக் காட்டும் உரையாடல்களில் வெட்டுகள் தப்பிவிடும், ஆகவே முதல் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. 600 வினாடியைக் கோடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி ஷாட் நீளம் கிடைக்கும். அதன் பிறகு ஒலியோடு இன்னொரு முறை பார்த்து, அந்தப் பத்து நிமிடங்களில் கதையில் புதிதாக என்னென்ன நடந்தன என்று பக்கத்தில் எழுதுங்கள். 1950-களின் படம் ஒன்றுக்கும் சென்ற ஆண்டுப் படம் ஒன்றுக்கும் இதைச் செய்து இரண்டு தாள்களையும் அடுத்த திரையிடலுக்குக் கொண்டுவந்தால், சேர்ந்து உட்கார்ந்து ஒப்பிடலாம்.